கலங்கக் கூடாத இரண்டு குழாய்கள்

"அக்கா, ரெண்டு மியூட்டன்டும் கலங்கியிருக்கு."

காலை எட்டரை மணிக்கு ஷேக்கரைத் திறந்த தம்பி அங்கிருந்தே குரல் கொடுத்தான். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கும் மாணவன். நான் போய்க் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் போல நிற்க வேண்டிய இரண்டிலும் லேசான மூட்டம், அரிசி களைந்த மூன்றாம் தண்ணீர் போல. மெல்லச் சுழற்றினால் பட்டு நூல் புரளுவது தெரிந்தது. வீழ்படிவு அப்படிப் புரளாது. வளர்ந்த பாக்டீரியாதான்.

ஸ்பெக்ட்ரோவில் ஓ.டி., அதாவது கலங்கலின் அளவு, 0.11, 0.12. முந்தைய நாள் 0.02-இல் தொடங்கியிருந்தோம். பக்கத்தில் ஒயில்ட் டைப் குழாய், அதாவது மரபணு எதுவும் நீக்காத ஈ.கோலை பாக்டீரியா, 0.74-க்கு ஏறியிருந்தது. ஆளுக்கொரு மரபணுவை நீக்கிய மியூட்டன்டுகள் 0.02-ஐத் தாண்டியிருக்கவே கூடாது. இந்தப் பதிவு அந்த 0.1 எங்கிருந்து வந்தது என்று தேடிய கதை.

முதலில் நாங்கள் பார்க்க நினைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் செல் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற வலைப்பின்னல். அதன் நெடுக்கு இழைகள் இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்தவை. ஒன்று என்-அசிட்டைல் குளுக்கோசமைன்; பெஞ்சில் நாங்கள் குளுக்நாக் என்போம். இன்னொன்று என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம், மர்நாக். மர்நாக் என்பது குளுக்நாக்தான். மூன்றாவது கார்பனில் மட்டும் ஒரு டி-லாக்டிக் அமிலம் ஈதர் பிணைப்பில் ஒட்டியிருக்கும். அந்த லாக்டிக் அமிலத்தின் முனையில்தான் குறுக்கு இழையான பெப்டைடு தொங்குகிறது. ஒரு ஈ.கோலை செல்லைச் சுற்றி இப்படிப்பட்ட இரட்டைச் சர்க்கரை அலகுகள் ஏறத்தாழ 35 இலட்சம் இருக்கின்றன.

செல் நீண்டு வளர வேண்டுமானால் சுவரை அங்கங்கே வெட்டிப் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். வெட்டிய பழைய துண்டு என்ன ஆகிறது? 1985-இல் குடெல் என்ற ஆய்வாளர் காட்டிய விடை பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: ஈ.கோலை ஒரு தலைமுறைக்குள் தன் சுவரின் பாதிக்கு நெருக்கமான பங்கை உடைக்கிறது. உடைத்ததில் பெரும்பங்கை வெளியே விடாமல் உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்துகிறது. பிறகு அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பார்க் குழுவினர் இந்தப் பாதையின் நொதிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். சுவரிலிருந்து கழன்ற சர்க்கரை-பெப்டைடுத் துண்டை ஆம்ப்-ஜி என்ற வாயில் உள்ளே விடுகிறது. நாக்-இசட் குளுக்நாக்கை நறுக்குகிறது. ஆம்ப்-டி பெப்டைடைக் கழற்றுகிறது. மிஞ்சுவது வளையம் பூட்டிய அன்ஹைட்ரோ மர்நாக். அதன் பூட்டைத் திறந்து ஆறாவது கார்பனில் பாஸ்பேட் ஏற்றுவது அன்ம்-கே.

இப்போது செல்லின் கையில் மர்நாக்-6-பாஸ்பேட். இங்கேதான் முடிச்சு. லாக்டிக் அமிலம் ஒட்டியிருக்கும்வரை இந்தச் சர்க்கரை ஈ.கோலைக்கு எந்த வேலைக்கும் ஆகாது. ஈதர் பிணைப்பு எளிதில் உடையாத ஜாதி. அதை உடைக்கும் நொதி மர்-க்யூ. 2005-இல் ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் மாயர் குழு அதை அடையாளம் கண்டது. மர்-க்யூ லாக்டேட்டைக் கழற்றியதும் கிடைப்பது குளுக்நாக்-6-பாஸ்பேட், செல்லுக்கு நன்றாகப் பழகிய பொருள். நாக்-ஏ அசிட்டேட்டை எடுக்கும். அதன்பின் பசித்திருந்தால் நாக்-பி வழியாக ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட் ஆகி எரிபொருளாகும். வளர்ந்துகொண்டிருந்தால் மறுபடி சுவருக்கே போகும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இதன் ஓரப் பாதை, எளிதானது. வெளியிலிருந்து மர்நாக் கொடுத்தாலும் ஈ.கோலை அதைத் தின்னும். மர்-பி என்ற கடத்தி அதை உள்ளே இழுக்கும்போதே பாஸ்பேட்டை ஏற்றிவிடும். கிடைப்பது அதே மர்நாக்-6-பாஸ்பேட். அதற்குமேல் மர்-க்யூதான் வழி. எனவே மர்நாக்கை மட்டுமே உணவாக வைத்தால் ஒயில்ட் டைப் வளரும். மர்-பி இல்லாதது வளராது, கதவே இல்லை. மர்-க்யூ இல்லாததும் வளராது, உள்ளே வந்ததை உடைக்க முடியாது. மூன்று குழாய், ஒரு நாள். மாணவர்களுக்கு ஒரு நொதியின் வேலையைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஸ்ட்ரெய்ன்கள் (பாக்டீரியா வகைகள்) கெய்யோ தொகுப்பிலிருந்து. ஜப்பானில் ஈ.கோலையின் அத்தியாவசியமல்லாத 3,985 மரபணுக்களை ஒன்றொன்றாக நீக்கி 2006-இல் வெளியிட்ட தொகுப்பு அது. தாய் ஸ்ட்ரெய்ன் பி.டபிள்யூ. 25113. இதில் ஒரு எச்சரிக்கை. மர்-க்யூவும் மர்-பியும் ஒரே ஆப்பெரானில், அதாவது சேர்ந்து இயங்கும் மரபணுத் தொடரில், அடுத்தடுத்து இருக்கின்றன, மர்-க்யூ முன்னால். அதை நீக்கிய இடத்தில் அடையாளத்துக்காகச் செருகிய கானமைசின் கேசட் (அந்த ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுத் துண்டு) உட்கார்ந்திருக்கும்போது பின்னால் இருக்கும் மர்-பியின் வேலையும் கெட வாய்ப்புண்டு. அப்படியானால் "உடைக்க முடியவில்லை" என்று நாம் நினைப்பது உண்மையில் "உள்ளே வரவே இல்லை" என்பதாக இருக்கலாம். அதனால் கேசட்டை முதலில் கழற்றி, பி.சி.ஆர். போட்டு உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்கினோம். இதற்கு மட்டும் ஒரு வாரம் போயிற்று. போனது வீணில்லை.

மீடியம் சாதாரண எம்-9, உப்புகள் மட்டுமே உள்ள வளர்ப்புக் கரைசல்; சர்க்கரையை நாம்தான் சேர்க்க வேண்டும். மக்னீசியம் சல்ஃபேட்டையும் கால்சியம் குளோரைடையும் தனியே ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பிறகு சேர்த்தோம். சேர்த்து வேகவைத்தால் பாஸ்பேட்டோடு திரிந்து வெள்ளையாகப் படியும். செல்களை முதல் இரவு கிளிசரால் போட்ட எம்-9-இல் வளர்த்து, வெறும் எம்-9 உப்பு நீரில் மூன்று முறை கழுவினோம். ஊட்டம் நிறைந்த எல்.பி. மீடியத்திலிருந்து நேராக எடுத்து விட்டால் ஒட்டிவரும் ஊட்டமே கொஞ்சம் வளர்த்துவிடும். ஒவ்வொரு ஸ்ட்ரெய்னுக்கும் மூன்று குழாய்: மர்நாக் 0.1 சதம், குளுக்நாக் 0.1 சதம், ஒன்றுமே இல்லாத வெறும் எம்-9. குழாய்க்கு 3 மில்லி மட்டும், ஏனென்றால் மர்நாக் விலை அப்படி. 100 மில்லிகிராம் குப்பி வாங்கவே மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

இனி அந்தக் காலைக்கு வருவோம்.

தம்பியின் முதல் ஊகம் கண்டாமினேஷன். பிளேட்டில் கோடிழுத்தோம், மறுநாள் வந்த காலனிகள் எல்லாம் ஒரே முகம். அவற்றை பி.சி.ஆர். செய்ததில் நீக்கிய மரபணுக்கள் நீங்கியபடியேதான் இருந்தன. இரண்டாவது ஊகம், கழுவியது போதவில்லை. ஆனால் சர்க்கரையே இல்லாத குழாய்கள் மூன்று ஸ்ட்ரெய்னிலும் 0.02-இல் அசையாமல் நின்றன. ஒட்டி வந்த ஊட்டம் என்றால் அங்கும் வளர்ந்திருக்க வேண்டும். குளுக்நாக் குழாய்களில் மூன்றும் செழிப்பாக வளர்ந்திருந்ததால் செல்களிடமும் குறையில்லை.

தாளை எடுத்து எழுதிப் பார்த்தோம். மர்-பி இல்லாத செல்லுக்கும் மர்-க்யூ இல்லாத செல்லுக்கும் தடை வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று வாசலில், மற்றது வீட்டுக்குள். இரண்டு தடைகளும் ஒரே அளவு கசிவது நடக்காத காரியம். ஆக, அவை மர்நாக்கைத் தின்னவில்லை. மர்நாக் குழாயில் மர்நாக் அல்லாத வேறு ஏதோ ஒன்று இருக்கிறது, அதைத்தான் தின்றிருக்கின்றன. குழாயில் மர்நாக் வந்தது ஒரே ஒரு ஸ்டாக்கிலிருந்து, முன்கூட்டியே கரைத்து வைத்த கெட்டிக் கரைசலிலிருந்து. அந்த ஸ்டாக்கைச் செய்தது நான்.

ஃப்ரீசரிலிருந்து அதை எடுத்து உருக்கிப் பார்த்தேன். மிக மங்கலான மஞ்சள். அன்று இருந்ததா, நான் கவனிக்கவில்லையா என்று யோசித்தபோதுதான் அந்தப் பிற்பகல் முழுசாக நினைவுக்கு வந்தது.

மர்நாக் பெயரிலேயே அமிலம். 100 மில்லிகிராமை 4 மில்லி நீரில் கரைத்தபோது பி.எச். தாள் நன்றாகச் சிவந்தது. மூலக்கூறு எடை 293 என்று வைத்துக் கணக்குப் போட்டால் நடுநிலையாக்க 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 340 மைக்ரோலிட்டர் வேண்டும். அலமாரியில் 1 நார்மலும் 5 நார்மலும் ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் எடுத்தது 5 நார்மல், ஐந்து மடங்கு கடுமையானது. 340-ஐ ஒரேயடியாக விட்டேன். தாள் கரும்நீலமாயிற்று. அதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போய்த் திரும்பி வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு 7-க்குக் கொண்டுவந்து, வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்தேன். நோட்டில் எழுதியது: "பி.எச். 7-க்குச் சரிசெய்யப்பட்டது." அவ்வளவுதான். கூடிப்போனதையும் அப்படியே கிடந்த நேரத்தையும் எழுதவில்லை. அது என் தவறு. எழுதியிருந்தால் நான்கு நாள் மிஞ்சியிருக்கும்.

காரத்தில் மர்நாக் என்ன ஆகும்? எந்த ஈதர் பிணைப்பு எளிதில் உடையாது என்று மேலே எழுதினேனோ, அது கடுங்காரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கும். சர்க்கரை வளையம் திறந்து ஆல்டிஹைடாக நிற்கும் கணத்தில், இரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ரஜனைக் காரம் பிடுங்கிக்கொள்ளும். உடனே மூன்றாவது கார்பனிலிருந்து லாக்டேட் கழன்று விழும். விழுவது டி-லாக்டேட். ஈ.கோலைக்கு டி-லாக்டேட்டை நேராகப் பைருவேட் ஆக்கும் நொதி உண்டு. அதை உண்ண மர்-பியும் வேண்டாம், மர்-க்யூவும் வேண்டாம். இரண்டு மியூட்டன்டும் ஒரே அளவு வளர்ந்த காரணம் அதுவாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் அப்போது சொல்ல முடிந்தது. சோதித்துவிட வேண்டும். இதற்கு மார்கன்-எல்சன் வினை என்ற பழைய நிறச் சோதனை கைகொடுத்தது. வழக்கமாக அதில் குளுக்நாக்கை போரேட் கரைசலில், பி.எச். 9-ஐ ஒட்டி, கொதிநீரில் மூன்று நிமிடம் வைப்பார்கள். அந்தக் காரமும் சூடும் சேர்ந்து சர்க்கரையிலிருந்து நீரைக் கழற்றி, நிறம் தரத் தயாரான ஒரு பொருளை உண்டாக்கும். பிறகு எர்லிக் கரைசலைச் சேர்த்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காரத்தில் லாக்டேட்டை இழந்த மர்நாக்கும் அதே பொருளாகத்தான் மாறும். ஆகவே கொதிக்க வைக்கும் படியையே விட்டுவிட்டு, நேராக எர்லிக் கரைசலை ஊற்றினால், ஏற்கெனவே உடைந்தது மட்டும் நிறம் காட்டும்.

நான்கு சிறு குழாய்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் குளுக்நாக், ஒன்றில் குப்பியின் அடியில் மிஞ்சியிருந்த மர்நாக் தூளை அப்போதே கரைத்தது, ஒன்றில் என் ஸ்டாக். கரைசலில் கிளேஷியல் அசிட்டிக் அமிலம் இருப்பதால் வேலை முழுக்க ஃப்யூம் ஹுட்டில். தம்பி பைபெட் பிடித்தான். 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து இருவரும் பக்கத்திலேயே நின்றோம். ஐந்து நிமிடத்தில் நான்காவது குழாயில் மட்டும் வெங்காயத் தோலின் நிறம் எட்டிப்பார்த்தது. இருபது நிமிடத்தில் நாவல் பழம் தின்ற நாக்கு. மற்ற மூன்றும் தெளிவு.

"அப்போ ஸ்டாக்ல ஏற்கெனவே உடைஞ்சிருக்கு, இல்லக்கா?" என்றான். ஆமாம். மர்-க்யூ செய்ய வேண்டிய வேலையில் ஒரு பாதியை என் பாட்டில் செய்து வைத்திருந்தது.

ஒரு பாதி என்று எண்ணித்தான் சொல்கிறேன். மர்-க்யூ செய்வதும் முதல் படியில் இதேதான்: இரண்டாவது கார்பனின் ஹைட்ரஜனை எடுத்து லாக்டேட்டை விழவைப்பது. ஆனால் காரம் அதோடு கைவிட்டுவிடும். காலியான இடம் ஓர் இரட்டைப் பிணைப்பாக நின்று, சர்க்கரை நிறப்பொருளாகச் சிதைந்துபோகும், செல்லுக்கு உதவாது. மர்-க்யூ அந்தக் காலியிடத்தில் சரியான பக்கத்திலிருந்து ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டுவந்து பொருத்துகிறது. அதனால்தான் வெளியே வருவது முழு குளுக்நாக்-6-பாஸ்பேட். அதுவும் நடுநிலை பி.எச்.இல், 37 டிகிரியில், சுற்றியிருக்கும் எதையும் சேதப்படுத்தாமல். இதைப் பாடமாக எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த நாவல்பழக் குழாயைக் கையில் வைத்திருந்தபோதுதான் அந்த இரண்டாவது படியின் அருமை எனக்கு உறைத்தது.

இன்னொரு உறுதிக்காக எம்-9-இல் சோடியம் டி-லாக்டேட் 1 மில்லிமோலார் மட்டும் போட்டு மூன்று ஸ்ட்ரெய்னையும் விட்டோம். மறுநாள் மூன்றும் 0.1-ஐ ஒட்டி நின்றன. எங்கள் மர்நாக் குழாயில் இருந்தது 3.4 மில்லிமோலார், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உடைந்திருந்தால் அந்த மூட்டத்துக்குக் கணக்கு ஒத்துப்போகிறது. ஒயில்ட் டைப்பில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் புரிந்தது. அது மிஞ்சிய மர்நாக்கையும் தின்றது, லாக்டேட்டையும் தின்றது. ஒயில்ட் டைப்பை மட்டும் வளர்த்துப் பார்த்து "வேலை செய்கிறது" என்று முடித்திருந்தால் கெட்டுப்போன ஸ்டாக்கை மாதக்கணக்கில் பயன்படுத்தியிருப்போம்.

புது குப்பி வந்ததும் ஸ்டாக்கைத் தம்பியே செய்தான். ஐஸில் வைத்து, 1 நார்மலில் முதலில் 300 மைக்ரோலிட்டர், கலக்கிக்கொண்டே மெதுவாக. பிறகு 10 மைக்ரோலிட்டர் கணக்கில். ஒவ்வொன்றுக்கும் பைபெட் முனையால் பி.எச். தாளில் ஒரு புள்ளி. 330-இல் தாள் 6-க்கும் 7-க்கும் நடுவில் நின்றது, அங்கேயே நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் அமிலமாக இருந்தால் எம்-9-இன் பாஸ்பேட் சமாளித்துக்கொள்ளும்; காரப் பக்கம் போனால் திரும்ப வழியில்லை. 0.22 மைக்ரான் வடிகட்டி, சிறு பங்குகளாக மைனஸ் 20-இல். ஆட்டோகிளேவ் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். எர்லிக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம், நிறமில்லை. இப்போது ஒவ்வொரு புது ஸ்டாக்குக்கும் அந்தச் சொட்டு கட்டாயம்.

மறுமுறை ஓட்டிய முடிவு: 24 மணி நேரத்தில் ஒயில்ட் டைப் 0.81, மர்-பி இல்லாதது 0.02, மர்-க்யூ இல்லாதது 0.02. இன்னொரு நாள் விட்டும் அவை அசையவில்லை. ஒயில்ட் டைப்பும் முதல் சில மணி நேரம் தயங்கித்தான் புறப்பட்டது. மர்-ஆர் என்ற அடக்கி இந்த மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும். மர்நாக்-6-பாஸ்பேட் உள்ளே சேர்ந்த பிறகே விலகும். இதைச் செய்துபார்க்கிறவர்கள் ஆறு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வளரவில்லை என்று கொட்டிவிட வேண்டாம்.

இதன் நடுவே தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "மர்-க்யூ இல்லாதது எல்.பி.ல நல்லாத்தானே வளருது. அப்புறம் எதுக்குக்கா இந்த மறுசுழற்சி?" சுவர், ஈ.கோலையின் உலர் எடையில் இரண்டு சதத்தை ஒட்டித்தான் வரும். வயிறு நிறைந்திருக்கும்போது அதைச் சேமித்தாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பேசிலஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் சுவர் பல மடங்கு தடிமன். அங்கே கணக்கு வேறு. 2016-இல் மாயர் குழு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், பேசிலஸ் சப்டிலிஸ் ஆகியவற்றில் மர்-க்யூவை நீக்கிக் காட்டியது: வளரும் கட்டத்தில் குறை தெரியவில்லை, உணவு தீர்ந்து நிற்கும் கட்டத்தில்தான் பிழைத்திருப்பது குறைந்தது. பஞ்சத்தில் வீட்டு ஓட்டைப் பிரித்து விற்று உயிர் வளர்க்கிற நிலைமை அது. ஈறு நோயோடு தொடர்புடைய டான்னெரெல்லா ஃபார்சித்தியா இன்னொரு எல்லை. அதற்கு மர்நாக்கைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. பக்கத்துப் பாக்டீரியாக்களின் உடைந்த சுவரிலிருந்து கிடைத்தால்தான் வளரும்.

சூடோமோனாஸ் வகைகள் மர்-க்யூவிடம் போவதே இல்லை. 2013-இல் சூடோமோனாஸ் புடிடாவில் தெரியவந்த குறுக்கு வழி அது: லாக்டேட்டைக் கழற்றாமல், மர்நாக்கை அப்படியே சுவர் கட்டும் மூலப்பொருளாக மாற்றிவிடும். ஃபாஸ்போமைசின் என்ற ஆன்டிபயாடிக் தடுப்பது புது மர்நாக் தயாரிப்பின் முதல் படியை. பழையதை நேராகத் திருப்பி அனுப்பும் வழி இருப்பவனுக்கு அந்தத் தடை பாதிதான் உறைக்கும். அந்தக் குறுக்கு வழியின் நொதிகளை நீக்கினால் ஃபாஸ்போமைசின் தாங்கும் திறன் விழுந்துவிடுகிறது. மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பாதையை விடாமல் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தைப் பிளேட்டிலேயே பார்க்கலாம் என்பதால் ப்ராஜெக்டின் கடைசி வாரத்தில் அதையும் செய்தோம். என்டரோபாக்டர் குளோயேசே, பாதுகாப்பு கேபினட்டில். முல்லர்-ஹின்டன் அகாரில் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தரக் கலங்கல் அளவுக்குப் பூசி, செஃப்டாசிடிம், செஃபாக்சிடின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் டிஸ்க்குகளை மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டரில் வைத்தோம். இந்த பாக்டீரியாவில், உள்ளே திரும்பி வரும் சுவர்த் துண்டுகள் உணவு மட்டுமல்ல, செய்தியும்கூட. செஃபாக்சிடின் சுவர் வேலையைக் குலைத்ததும் துண்டுகள் ஆம்ப்-ஜி வழியாகக் குவியும். ஆம்ப்-டியால் அத்தனையையும் கழற்றித் தள்ள முடியாது. மிஞ்சியவை ஆம்ப்-ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தில் போய் உட்கார்ந்து, இவ்வகை மருந்துகளை உடைக்கும் நொதியான பீட்டா-லாக்டமேஸின் தயாரிப்பை முடுக்கிவிடும்.

மறுநாள் காலை பிளேட்டைத் திறந்தவன் தம்பிதான். செஃப்டாசிடிமைச் சுற்றி வளர்ச்சியற்ற வட்டம் நன்றாக விழுந்திருந்தது. செஃபாக்சிடின் பக்கம் மட்டும் அந்த வட்டம் அரிவாளால் சீவியது போலத் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில் இருந்த செல்கள் பக்கத்து டிஸ்க்கினால் தங்கள் சுவர் உடைவதை உணர்ந்து, இந்த மருந்துக்கும் சேர்த்துத் தயாராகிவிட்டன. ஸ்கேலை வைத்து இரு பக்கமும் அளந்து நோட்டில் எழுதினான். அதன் கீழே, நான் சொல்லாமலேயே, டிஸ்க்குகளை எத்தனை மணிக்கு வைத்தோம், பூசிய பிறகு எத்தனை நிமிடம் காய விட்டோம் என்பதையும் எழுதிக்கொண்டிருந்தான்.